தட்டிக்கு அந்தப் பக்கம் மாமனார்

அதிகம் பேசாதவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. வாயைத் திறந்தால் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பழக்கமில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கோளாறு இருந்தது எனக்கே தெரியாமல் இருபத்தெட்டு வயது வரை ஓட்டிவிட்டேன். தெரிய வந்தது, பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும்.

குரும்பலூரில் எனக்குச் சுவர் எழுதுகிற வேலை. (படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும்.) கட்சி விளம்பரம், சிமெண்ட் விளம்பரம், அரசாங்க வாசகம் எல்லாம் எழுதுவேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே அந்தத் தொழில் எனக்குப் பிடித்தது. ஆனால் சுவரிடம் பேசாமல் இருக்கிற மாதிரி சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் இருந்ததால், வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. "பையன் நல்லவன்தான், ஆனா ஊமையோன்னு சந்தேகமா இருக்கு" என்று கடைசியாக வந்தவர்கள் தரகரிடம் சொல்லியனுப்பினார்கள்.

அடுத்த இடம் அரியலூர்ப் பக்கம். பெண்ணின் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். கூடவே பெண்ணின் பெரியம்மாவும் வந்தார். காலையிலேயே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "டேய், இன்னைக்கு மட்டும் நாலு வார்த்த பேசிடுடா. இதுவும் போச்சுன்னா நீயும் செவுருமா குடும்பம் நடத்துங்க."

வந்தார்கள், உட்கார்ந்தார்கள்.

"தொழில் எப்படிப் போவுது மாப்ள?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் காபி டம்ளரைப் பார்த்துச் சிரித்தேன்.

"பெயிண்டு வெல ஏறிடுச்சாமே?"

தலையாட்டினேன். அக்கா பின்னாலிருந்து கிள்ளினாள். அதற்கும் தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். தோளில் பை, கையில் அட்டை. சுகாதார சர்வேக்கு வந்தவராம். இந்த முறை ஆண்களிடமும் கேள்வி கேட்கிறார்களாம். ஏற்கெனவே வந்து, நான் இல்லாமல் திரும்பிப் போனாராம். "சாயங்காலம் எங்க டீம் கிளம்புதுங்க. கொஞ்ச நேரந்தான். ஆனா தனியா பேசணும், பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது."

தப்பிக்க வழி கிடைத்ததென்று, அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை. அங்கே மாட்டைத் தவிர யாருமில்லை. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு தென்னங்கீற்றுத் தட்டி. தட்டி ஆளைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.

பெயரையும் வயதையும் முணுமுணுத்தேன். பிறகு அவர் கேட்டார்: "குழந்தை பிறக்கறத தள்ளிப்போட, நிறுத்த, பல முறைகள் இருக்கு. நீங்க கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் விடை தெரியாமல் முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் ஒரு படித்தவர் பேனாவும் அட்டையுமாக வந்து, விடை தெரிந்த கேள்வியைக் கேட்கிறார்! போன மாதந்தான் ஆஸ்பத்திரி மதில் முழுக்க அதையே எழுதி முடித்திருந்தேன்.

எழுந்து நின்றுவிட்டேன். (கையைக் கட்டிக்கொண்டதாகவும் ஞாபகம்.)

"ஆணுறை!" என்றேன். மாடு திரும்பிப் பார்த்தது.

"உட்காருங்க சார்."

"காப்பர்-டி! நீல எழுத்து, மஞ்ச பார்டர்! கருத்தடை மாத்திரை, அது செவப்பு! ஆண்களுக்கான அறுவை சிகிச்சை! தையல் இல்லை, தழும்பு இல்லை, அன்றே வீடு திரும்பலாம்!"

"சார், மெதுவா..."

"பொம்பளைங்களுக்கானது கீழ் வரிசை சார்! எடம் பத்தாம சின்ன எழுத்தாப் போச்சு!"

தட்டிக்கு அந்தப் பக்கம் டம்ளர் உருண்டது. பூனை என்று நினைத்தேன்.

பூனை இல்லை. பெண்ணின் பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறார். (இது அக்கா பிறகு சொன்னது.) "என்னா தம்பி, கல்யாணமாகாத பய இம்புட்டு தெரிஞ்சு வச்சிருக்கான்? எங்கனயாச்சும் ஏற்கெனவே குடும்பம் இருக்குதா?" அக்கா, "ஐயோ, அவன் செவுத்துல எழுதினத ஒப்பிக்கிறாங்க!" என்று கெஞ்சியும் யாரும் நம்பவில்லை. பெண்ணின் அப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்.

இதெதுவும் தெரியாமல் நான் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன்.

"வேற ஏதாவது? பழங்காலத்து முறைகூடச் சொல்லலாம்."

மதில் தீர்ந்துவிட்டது. நூற்றுக்கு நூறு வாங்கும் வெறி மட்டும் தீரவில்லை. "இருக்கு சார்! ஆடி மாசம் புதுப்பொண்ண அம்மா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க! செலவே கெடையாது!"

அவர் பேனாவை நிறுத்தினார். "சரி சார். மீதி பதினோரு மாசம்?"

இதை நான் யோசித்ததே இல்லை. ஆனால் விடை சொல்லாமல் விட மனமில்லை.

"மாமனாரு திரும்பத் திரும்ப வந்து கூட்டிட்டுப் போவாரு சார்!"

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. பாரம் ஏற்றிய லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி முதலில் இருமல், பிறகு முழு முழக்கம். "அண்ணி, பைய கீழ வையிங்க! இவனுக்கா வேற குடும்பம்? இவனுக்குக் குடும்பம்னா என்னன்னே தெரியல!"

அப்போதுதான் தட்டி வெறும் தட்டி என்பது எனக்குப் புரிந்தது. மாட்டுக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். சர்வே இளைஞர் மட்டும் கடமை தவறாமல், "ஆடி மாசத்த 'மற்றவை'னு போட்டுக்கிறேன் சார்" என்றார். அந்தப் பக்கத்துச் சிரிப்பு இன்னும் ஒரு கியர் ஏறியது.

நான் உள்ளே போகவில்லை. பெண்ணின் அப்பாவே கொட்டகைக்கு வந்து தோளில் தட்டினார். "வாய் இருக்குதான்னு பார்க்க வந்தேன் மாப்ள. நல்லாவே இருக்குது. தை மாசம் வச்சுக்குவமா?"

தலையாட்டினேன்.

கல்யாணம் முடிந்து முதல் ஆடிக்கு மாமனார் சீர்த்தட்டுடன் வந்தார். தெருவில் நின்றே, "செலவில்லாத முறைக்கு வந்திருக்கேன் மாப்ள!" என்று கூவிவிட்டு மகளை அழைத்துப் போனார். அந்த ஆடியில் பார்த்து அரியலூரில் எனக்கொரு சுவர் வேலை வந்தது. (நானாகத் தேடிப் போகவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.) சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் எங்களுக்கு மகள் பிறந்தாள்.

தேன்மொழி என்று பெயர் வைத்தோம். அது ரேஷன் கார்டுக்கு மட்டும். அவள் காலேஜுக்குப் போகிற இந்த வயதிலும், மாமனார் போன் செய்தால் முதலில் கேட்பது இதுதான்:

"மாப்ள, மற்றவை சாப்பிட்டாளா?"