சுருக்கம் பற்றி விலாவாரியாக

"தம்பி, மூணே பக்கம். இது கட்டுரையா, கடுதாசியா?" என்றார் துறைத் தலைவர்.

எதிரே உட்கார்ந்திருந்த சட்ட விரிவுரையாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சட்ட ஆய்வுக்கு நீளம் தேவையில்லை, குட்டிக் கட்டுரையே போதும் என்பதுதான் அவர் எழுதியிருந்தது. அது ஆய்விதழில் வந்தால் பதவி உயர்வு. வராவிட்டால் ஆயுசுக்கும் அதே ஆட்டம் காணும் நாற்காலி.

"சுருக்கமா எழுதணும்னுதான் சார் சொல்றேன். அதையே நீட்டி எழுதினா..."

"சுருக்கம் நல்லதுன்னு விலாவாரியா நிரூபிங்க. அவசரப்படாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

விரிவுரையாளர் அதை முப்பது பக்கமாக்கினார். அடிக்குறிப்பு எங்கே என்றார் தலைவர். பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பானது. 'நீளமான கட்டுரையைப் படித்தால் தூக்கம் வரும்' என்ற வரிக்கு ஆதாரம் கேட்டார். தூக்கத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்ந்தது. அடுத்து, பிற நாட்டுச் சட்ட அறிஞர்கள் சுருக்கமாக எழுதிய நீண்ட வரலாறு. கட்டுரை நூறு பக்கத்தைத் தாண்டியதும் ஸ்டேப்ளர் பின் ஏற மறுத்தது. இந்த மும்முரத்தில், தபாலில் வந்த ஆய்விதழ்களை உறை பிரிக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

வழக்கறிஞரான மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கோர்ட்ல நான் இப்படி இழுத்தா ஜட்ஜ் எழுந்து போயிடுவார். முதல்ல எழுதின மூணு பக்கம் நல்லாத்தானே இருந்தது?"

"உனக்கு ஆய்வுன்னா என்னன்னு தெரியாது. சார் எனக்காக எவ்வளவு மெனக்கெடறார் தெரியுமா?"

சொல்லிக்கொண்டே அடுத்த அடிக்குறிப்பை எழுதினார். வேறு எந்தத் தலைவர் இத்தனை பொறுமையாகத் திருத்தம் சொல்வார்?

ஒருவழியாகத் தலைவர் தலையசைத்தார். கட்டுரை ஆய்விதழுக்குப் போயிற்று. சில நாளில் அங்கிருந்து உதவி ஆசிரியர் போன் செய்தார்.

"படிச்சீங்களா? எப்படி இருக்கு?" என்றார் விரிவுரையாளர் ஆவலாக.

"படிச்சோம் சார். உங்க துறைத் தலைவர் போன இதழ்ல மூணே பக்கத்துல எழுதின கட்டுரையை, அவர் பேரைக்கூடப் போடாம நூறு பக்கத்துக்கு இழுத்திருக்கீங்க. புகார் பண்றதாத்தான் இருந்தோம். அவர்தான் 'போகட்டும், நம்ம பையன்'னு தடுத்துட்டார். தங்கமான மனுஷர் சார்."