மூச்சுக் கேட்கும் பெட்டி

சுவிஸில், லோசானுக்குப் பக்கத்து ரெனானில், பிருந்தாபன் குடியிருக்கும் கட்டடத்தின் பொது மெஷினில் உடுப்புத் தோய்க்கிற முறை இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வரும். கலியாண நாளை மறந்தவனுக்கு மன்னிப்புண்டு, அந்த முறையை மறந்தவனுக்குக் கிடையாது. இந்தச் சனிக்கிழமை அவன் மறக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு முன்னம் கீழே போய் உடுப்பை எடுக்கச் சொல்லி மனைவி சிவானுஜா குசினியிலிருந்து மூன்றுதரம் கத்தியிருக்கிறாள். இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தான். கடைசியில் அவளே நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போனாள். அடுத்த முறைக்காரி, இரண்டாம் மாடி மதாம், ஈர உடுப்பெல்லாவற்றையும் மெஷினிலிருந்து அள்ளி மேசையில் குவித்துவிட்டு நின்றாள். குவியலின் உச்சியில் பிருந்தாபனின் உள்காற்சட்டை. மதாம் "போன்ஜூர்" சொன்ன விதத்திலேயே சிவானுஜாவுக்கு மானம் போய்விட்டது.

மேலே வந்து கேட்டதற்கு, "கேக்கேல்லையப்பா" என்றான். அது அவன் வழக்கமாகச் சொல்வதுதான். லோசானில் ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவுகிற மெஷினோடு நின்று நின்று காது மந்தமாய்ப் போச்சாம். குப்பை கொண்டுபோகச் சொன்னால் மந்தம். மச்சான் வீட்டுக்குப் போவம் என்றால் முழுச் செவிடு. கலியாணம் கட்டிய ஆம்பிளைகளுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த வசதி அது ஒன்றுதான், அதை ஏன் விடுவான்.

அன்று அவன் கேட்டுக்கொண்டிருந்தது நோவமி வாலேயின் பாட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய காலத்தில் அவனுக்குப் பிரெஞ்சு படிப்பித்தது வகுப்பல்ல, அந்தப் பாடகிதான். முதல் வேலை கேட்கப் போன இடத்தில், "நீ இல்லாமல் என் இரவுகள் விடிவதில்லை" என்று முதலாளியிடம் சொல்லி, அந்த மனுசன் மிரண்டுபோய் வேலை கொடுத்தது கதை. அவளுடைய ஹிட் பாட்டெல்லாம் முதலில் கசெற்றில் வாங்கினான், பிறகு சீடியில் வாங்கினான், பிறகு எம்பி3 ஆக்கிப் போனில் வைத்திருந்தான். இப்போது அதே பாட்டுகள், ஒலியில் ஒரு பொட்டும் குறையாத பெரிய பைல்களாக, ஒரு தொகுப்பாய் வந்திருக்கின்றன. அதைக் கேட்கவென்று புதுப் பெட்டியொன்றும் வாங்கிப் போனோடு கொழுவியிருந்தான். காலையில் தொகுப்பை இறக்கச் சொல்லி அமத்தினான், நோவமி பாடத் தொடங்கினாள், கண்ணை மூடினான்.

"அதே பாட்டு, அதே பொம்பிளை. இதுக்கு இன்னொரு பெட்டியோ?"

"அது தேங்காயின்ரை மூன்றாம் பால் அனுஜா, இது முதற்பால். எம்பி3 எண்டால் பாட்டைப் பிழிஞ்சு எடுத்துப்போட்டுச் சக்கையைத்தான் தருவாங்கள். இதிலை அவள் மூச்சு இழுக்கிறதே கேக்குது."

சிவானுஜா அவனுடைய போனை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் விளங்கியிருக்க வேண்டும்.

"அப்ப சோதிச்சுப் பாப்பம்," என்றாள். "பழசு எது, புதுசு எது எண்டு சரியாச் சொன்னால் பெட்டி இஞ்சை இருக்கட்டும். பிழைச்சால் திங்கக்கிழமை கடைக்குத் திரும்பிப் போகும்."

சாட்சிக்கு மேல்மாடி இந்திரா அக்கா வந்தா. அவவுக்கு ஒரு விசயம் தெரிந்தால் மெற்றோ லோசானுக்குப் போய்ச் சேர முன்னம் அது போய்ச் சேர்ந்துவிடும். சிவானுஜா தன் சால்வையால் அவன் கண்ணைக் கட்டினாள். ஹெட்போன் அவன் காதில், போன் அவள் கையில்.

வாய் சொன்ன மூச்சைக் காது உண்மையிலேயே கேட்டதா என்று பிருந்தாபனுக்கே இப்போது சந்தேகம். ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதென்றால் உயிரே போய்விடும். முதற்பாட்டு வந்தது. "பழசு" என்று குத்துமதிப்பாய் விட்டான். சரி என்றாள். அடுத்ததைப் புதுசு என்றான். அதுவும் சரி. மூன்றாவதும் சரியானதும் அவனுக்கே தன்னில் மரியாதை வந்துவிட்டது. நான்காவதில் பாட்டு முடிய முன்னமே கையை உயர்த்தி, இந்த இடத்தில் தபேலாக்காரன் விரலை எடுக்கிற சத்தம் கேட்கிறது என்று அக்காவுக்கு விளக்கம் சொன்னான். அந்தப் பாட்டில் தபேலாவே இல்லை. ஐந்தாவதும் சரி.

"தம்பிக்குத் தங்கக் காது," என்றா இந்திரா அக்கா.

"ஒரு மூச்சுச் சத்தம்கூடத் தப்பாதோ?" என்று சிவானுஜா பக்குவமாய்க் கேட்டாள்.

"தப்பாது."

"எந்த அறையிலை இருந்து வந்தாலும்?"

"எந்த அறையெண்டாலும்," என்றான், நெஞ்சை நிமிர்த்தி. அக்கா அதையும் மனசில் எழுதிக்கொண்டு மேலே போனா.

பெட்டி வென்றாயிற்று. பிருந்தாபன் சால்வையை அவிழ்த்து, போனை ஆசையோடு கையில் எடுத்தான். திரையில் தொகுப்பு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. முதற்பாட்டே அரைவாசிதான் வந்திருந்தது. காலையிலிருந்து அவன் கேட்டது பழைய எம்பி3. சோதனையில் ஐந்துதரமும் பாடியது அதே எம்பி3.

கோபம் தலைக்கேறியது. இவள் ஏமாற்றிப்போட்டாள் என்று கத்த வாயைத் திறந்தான். திறந்த வாயோடு யோசித்தான். கத்தினால் பெட்டி போகும். பெட்டி போனாலும் பரவாயில்லை, அந்தத் தபேலாப் புளுகு வெளியே வரும். அதுவும் இந்திரா அக்கா வாயால் வரும். வாயை மூடிக்கொண்டான்.

குசினிக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு அங்காலிருந்து, மூச்சு விடுகிற அளவு சத்தத்தில் சிவானுஜாவின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, அந்த ஈர உடுப்பைக் கொண்டுபோய்க் காயப்போடுங்கோ. வரேக்கை குப்பையையும் எடுங்கோ. பின்னேரம் அண்ணை வீட்டை போறம்."

வீடு அமைதியாக இருந்தது. மேல்மாடியில் அக்காவின் காலடி கேட்டது.

"கேக்குதப்பா," என்றான் பிருந்தாபன்.