பார்ட்னர் பெயரைச் சொல்ல மாட்டார்களாம்

காடாம்புலியூர்

அன்புள்ள மச்சான் அறிவழகனுக்கு, மாமா கலைமணி எழுதிக்கொள்வது. இங்கு யாரும் சுகமில்லை. அங்கு நீயும் தங்கச்சி இளவரசியும் பிள்ளைகளும் சுகமாக இருந்தால் அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த மாதம் நான் கோபித்துக்கொள்ள வேண்டிய ஆட்கள் வேறு ஏராளமாக இருக்கிறார்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். என் போனை அணைத்து பீரோவில் பூட்டிவிட்டேன். விஷயம் இதுதான். உன் அக்கா மலர்க்கொடிக்கு மார்பில் ஒரு கட்டி. உனக்குச் சொல்லக் கூடாது, மகள் சத்யப்பிரியாவுக்குப் பரீட்சை முடிகிறவரை அவளிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் தெரிந்த பிறகு, கூடப் பிறந்த உனக்குத் தெரிந்தால் என்ன?

பண்ருட்டியில் பார்த்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோம் என்று கடலூருக்கே போனோம். அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுத் துளி சதையும் எடுத்துக்கொண்டார்கள். ரிசல்ட் வர நாளாகும் என்றார்கள். கவுண்டரில் என் நம்பரைக் கேட்டார்கள், கொடுத்தேன். அவசரத்துக்கு இன்னொரு நம்பர் என்றார்கள், மகள் நம்பரைக் கொடுத்தேன். இங்கே ஒரு கையெழுத்து என்றார்கள், போட்டேன். பஸ் நெல்லிக்குப்பம் தாண்டல மச்சான், போன் அடிக்குது. "சார், உங்க வீட்டம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னு கேள்விப்பட்டோம், எங்க ஆஸ்பத்திரியில இந்த மாசம் தள்ளுபடி"ங்கறான். ரிசல்ட்டே வரலடா பாவின்னு கத்தினேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த உங்க அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டா. வீட்டுக்கு வந்தா இன்னொருத்தன், "முடி கொட்டினா ஒரிஜினல் கூந்தல்ல விக் இருக்கு, மேடத்துக்கு நீட்ட முடியா, சுருட்டையா?"ன்னு கேக்கறான். சுருட்டைன்னு வாய் தவறிச் சொல்லித் தொலைச்சேன், அதுலருந்து போன் ஜாஸ்தியாயிடுச்சு.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். பாவிங்க சிதம்பரத்துல ஹாஸ்டல்ல இருக்கற புள்ளைக்கும் போட்டிருக்கானுங்க. பரீட்சைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தவகிட்ட, "மேடம், அம்மாவுக்குக் கேன்சர் இருக்கறதால உங்களுக்கும் வர சான்ஸ் இருக்கு, இப்பவே பாலிசி எடுத்துடுங்க"ன்னு சொல்லியிருக்கான். புள்ள பரீட்சையை விட்டுட்டு, வடலூர்ல பஸ் மாறி, அழுதுகிட்டே வந்து நிக்குது. அம்மாக்காரி, "யாருடி சொன்னா? உங்கப்பாவா?"ன்னு என்னை முறைக்கறா. "இல்லம்மா, பெங்களூர்லருந்து ஒருத்தன்"னு சொல்லிட்டு அவ மடியில விழுந்து அழுதுச்சு. உங்க அக்கா அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல மச்சான். அன்னிக்குத்தான் விட்டா. "நானே சொல்லணும்னு இருந்தேன், எவனோ சொல்லிட்டானே"ன்னா.

மறுநாள் ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கத்தினேன். மேனேஜர் சிங்காரம்னு ஒருத்தர், ஏசியில உக்காந்துகிட்டு, "நாங்க யாருக்கும் குடுக்கறதில்ல சார், எங்க ரிப்போர்ட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல வெச்சுக்கற சாஃப்ட்வேர் கம்பெனிதான் அவுங்க பார்ட்னர்களுக்குக் குடுக்குது, நீங்கதான சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ங்கறார். யாருய்யா அந்தப் பார்ட்னர்னு கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சார், ரகசியம்"ங்கறார்! என் பொண்டாட்டி மாருல கட்டி இருக்கறது ஊருக்கே தெரியலாம், அதை வித்தவன் பேரு ரகசியமாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா, "பணம் போச்சா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். "அப்ப என்னதான் போச்சு?"ன்னாங்க. திரும்பி வந்துட்டேன் மச்சான்.

நீ கோட்டையில உத்தியோகம் பாக்கற. சட்டம் வந்துடுச்சு, வந்துகிட்டிருக்குன்னு பேப்பர்ல போடறானுங்க, காடாம்புலியூர்ப் பக்கம் எதையும் காணோம். நான் நாலு மூட்டை முந்திரிப் பருப்பை வண்டியில ஏத்தினா வழி மறிச்சு பில் கேக்கறாங்க. வீட்டுப் பொம்பளையோட வியாதியை ஏத்திக்கிட்டுப் போறவனுக்கு பில் வேணாமா? எவன் விக்கறான், எவன் வாங்கறான்னு பேரும் விலாசமும் சர்க்கார்ல பதியணும். நம்ம விவரத்தை அழிடான்னா அழிக்கணும். மாட்டேன்னா கடைக்கு சீல் வைக்கணும். உன் அதிகாரிகள்ட்ட இதைச் சொல்லு. சொல்லாம நம்ம வீட்டு வாசப்படி மிதிக்காதே.

மற்றபடி தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நோய் நொடியில்லாமல், அப்படியே வந்தாலும் அது யாருக்கும் தெரியாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஆத்திரத்துடன் உன் மாமா,
கலைமணி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அக்கா போன் அடித்தது, அந்த நம்பரை நான் எங்கும் கொடுக்கவே இல்லை. திட்டுவதற்கென்றே எடுத்தேன். ஒரு பெண் குரல். "சார், என் பேரு அனுப்பிரியா, மலர்க்கொடி மேடம் ரிசல்ட் பாத்தோம், கேன்சர் இல்லன்னு வந்திருக்கு, அதனால எங்க பாலிசிக்கு அவுங்க தகுதியானவங்க"ன்னுச்சு. சிங்காரத்துக்குப் போன் போட்டா ரிசல்ட் வெள்ளிக்கிழமைதான்னான். நான் போட்ட சத்தத்துல கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "ஆமா சார், சாதாரணக் கட்டிதான், உங்களுக்கு எப்படித் தெரியும்?"ங்கறான். "பார்ட்னர் சொன்னாங்க"ன்னேன். ஆத்தாளும் மகளும் கட்டிக்கிட்டு அழுவறாங்க, சிரிக்கறாங்க. நானும் பாலிசி எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு, "சொந்தக்காரங்க நம்பர் இருந்தா குடுங்க சார்"னு கேட்டுச்சு. உன் நம்பரையும் தங்கச்சி நம்பரையும் குடுத்திருக்கேன். கூப்பிட்டா கோபப்படாமப் பேசு, நல்ல பொண்ணு.