ரிசப்ஷன் திரையில் வந்த பசு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதிகம் யோசிக்கக் கூடாது. நான் ஒருமுறை யோசித்தேன்.

கள்ளக்குறிச்சியில் போட்டோ கடை வைத்திருக்கிறேன். மனிதர்களைப் பார்த்துப் பேசக் கூச்சம். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஊரில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் மேலாளர், "ஒரு ரிசப்ஷன் பண்ணுப்பா. நல்லா வந்தா இனிமே நம்ம மண்டபத்துக்கு நீதான்" என்றார். மணமக்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போய், அருவியும் பாறையுமாக எடுத்த படங்களைத் திரையில் ஓட்ட வேண்டும்.

என் மனைவி மலர் பத்தாவது படித்தவள் (எங்கள் வீட்டில் அதுதான் உயர்கல்வி). கம்ப்யூட்டரில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தாள். அதைத் தட்டினால் போதும். படம் காட்டும் புரோகிராம் தானே திறந்து, அந்த வரிகளில் குறித்திருக்கும் ஃபோல்டரை ஓட்டும். ஃபோல்டருக்குச் 'செல்விபிரபு' என்று மணமக்கள் பெயரை ஒட்டி வைத்திருந்தாள்.

மண்டபத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. முகூர்த்தம் மறுநாள் காலையில்தான். அதற்குள் பெண்ணையும் பையனையும் இப்படி ஒட்ட வைப்பது என்ன நியாயம்? ஃபோல்டரிலும் அந்த வரியிலும் 'செல்வி பிரபு' என்று நடுவில் கௌரவமாக ஓர் இடம் விட்டுத் திருத்தினேன்.

மேலாளர் கை காட்டினார். தட்டினேன்.

திரையில் ஒரு ஜெர்சி பசு வந்தது. முதலில் முன்பக்கம். அப்புறம் இடப்பக்கம். (அடுத்தது பின்பக்கம் என்று எனக்குத் தெரியும். எடுத்தவனே நான்தானே!) மாட்டு இன்சூரன்சுக்காக, எங்கள் தெருச் செல்வி அக்கா எடுக்கச் சொன்ன படங்கள். 'செல்வி' என்று தனி ஃபோல்டரில் கிடந்தவை.

நிறுத்தும் பொத்தான் எது என்பதே மறந்துவிட்டது. ஓடிப்போய்த் திரையின் முன்னால் கைகளை விரித்து நின்றேன். பசு இப்போது என் வெள்ளைச் சட்டையில் தெரிந்தது.

"இன்னாப்பா இது?" என்று மேலாளர் பல்லைக் கடித்தார்.

முதல் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். எலவனாசூர்கோட்டை விவசாயி, ஆறடி ஆள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொஞ்சம் நவுருங்க, மடி தெரியல. எத்தினி லிட்டரு கறக்கும்?"

மண்டபம் அதிர்ந்தது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் மாலை நழுவியது. நான் மேடைக்குப் பின்னால் பதுங்கி மலருக்குப் போன் போட்டு, பசு வந்ததைச் சொன்னேன்.

"பேரு நடுவுல எடம் வுட்டீங்களா?"

"இன்னும் தாலி கட்டலியே, மலரு..."

"கம்ப்யூட்டருக்குத் தாலியெல்லாம் இன்னா தெரியும்? எடம் வந்த ஒடனே பேரு முடிஞ்சிதுன்னு நெனச்சிக்கினு அக்கா ஃபோல்டரத் தொறந்துகிச்சு. அந்த வரியில ஃபோல்டரு இருக்குற வழி எழுதியிருக்கேன்ல, அது முழுசுக்கும் முன்னாடி பின்னாடி டபுள் கோட்ஸ் போடுங்க. அப்பறம் எத்தினி எடம் வுட்டாலும் ஒண்ணாத்தான் படிக்கும்."

போட்டுவிட்டு மறுபடியும் தட்டினேன். அருவி வந்தது. ஏற்கெனவே சிரித்துக் கொண்டிருந்த கூட்டம் ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டியது.

அந்த மண்டபத்தின் கல்யாணங்கள் இன்றைக்கும் எனக்குத்தான். புதிதாக யார் வந்தாலும் மேலாளர் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"நம்ம போட்டோக்காரரு. கூச்சப்படுவாரு, ஆனா படம் சோக்கா இருக்கும். நடுவுல மாடு வந்தா மட்டும் கண்டுக்காதீங்க."