பனித்தளத்தில் கபடி

அமீரகத்தில் வியர்வையே பார்க்காமல் வாழ்ந்த ஒரே தூத்துக்குடிக்காரர் ஐஸ் அண்ணாச்சியாகத்தான் இருப்பார். வெளியே அல் ஐன் வெயிலில் ஈச்சமரமே நிழல் தேடும். பனிச்சறுக்கு அரங்கின் உள்ளே அவர் இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லாவோடு, பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டியில் வட்டமடித்துக்கொண்டிருப்பார். சறுக்குக் காலணிகளை வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் நான்.

சுவரோடும் பேசக்கூடிய மனிதர். ஊரில் இருந்த பத்து வயது மகன் மட்டும் அவரோடு பேசமாட்டான். மூன்றே லீவுகளில் பார்த்த அப்பா. போனில் "ம்" என்பான். மறுநொடி போன் அம்மா கைக்குப் போய்விடும்.

சிறுவர்களுக்கான ஐஸ் ஹாக்கி லீக் தொடங்கிய சனிக்கிழமை, போனில் கூச்சல் கேட்டு அவனாகவே கேட்டான்: "அங்க என்னப்பா சத்தம்?"

மகன் கேட்ட முதல் கேள்வி. அண்ணாச்சி தளத்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். மேனேஜர் பாய் "ஜல்தி, ஜல்தி" என்று கத்தியது எந்தக் காதிலும் ஏறவில்லை.

அன்று முதல் சனிதோறும் நேர்முக வர்ணனை. ஹாக்கி தெரியாது, தெரிந்தது கபடி. "பச்சச் சட்டக்காரன் பாடிப் போறாம்ல, தொட்டுட்டான்." முரட்டாட்டம் ஆடியவனை நடுவர் வெளியே உட்காரவைத்தால், "ஆளு அவுட்டு மக்கா." அவன் திரும்பி வந்தால், "உசுரு வந்துட்டுல."

"அண்ணாச்சி, அது தண்டனை. ரெண்டு நிமிஷத்துல தானா வந்துருவான்."

"நீ சும்மா கெட தம்பி. எம்மவனுக்குப் புரியுதுல்லா?"

புரிந்தது. அவன் பச்சை அணியின் கட்சி. அதுவோ வாராவாரம் தோற்றது. அப்பனும் மகனுமாகக் கோல்கீப்பரைத் திட்டித் தீர்த்தார்கள். சேர்ந்து திட்ட ஓர் ஆள் கிடைத்தால் கடல்தான் எவ்வளவு சிறுத்துப்போகிறது.

கடைசி ஆட்டம் முடிந்து யாரோ கோப்பையைத் தூக்கினார்கள். அண்ணாச்சி குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சீசன் கலாஸ் தம்பி. இனி அவன்கிட்ட என்னத்தப் பேச?"

அடுத்த சனி அரங்கில் ஈ, காக்கை இல்லை. குளிரூட்டியின் உறுமல் மட்டும். தடுப்பில் சாய்ந்து, வெறும் பனியைப் பார்த்தபடி அண்ணாச்சி போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பச்ச பாடிப் போறாம்ல..."

ஸ்பீக்கரில் மகன் குரல்: "என்னப்பா, இன்னைக்கு ஆளுவ சத்தமே காணோம்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

கவுண்டரைத் தாண்டி ஓடினேன். காலி இருக்கைகளுக்கிடையே மேலும் கீழுமாக ஏறி இறங்கி, நூறு பேருக்கும் சேர்த்துக் கைதட்டினேன், கூவினேன். மூச்சு வாங்கியது, உள்ளங்கை எரிந்தது. நிறுத்த மனமில்லை. கீழே போனில் அந்தப் பிள்ளை, "அப்புறம்ப்பா? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.