ஜானி பாஷாவின் மைனஸ் அஞ்சு

செங்கம் ரோட்டில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஜானி பாஷா, தான் அகில உலகக் கணித மேதை என்று முடிவு கட்டி வெகு காலம் ஆகிறது. அகில உலகத்துக்குத்தான் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மனைவி மெஹ்ருன்னிசாவுக்கு வந்து சேர்ந்தது, அவள் நம்பவில்லை.

மாடி அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் காலி பண்ணிப் போனதும் சண்டை வந்தது. அங்கே தையல் வகுப்பு நடத்தப் போவதாக அவள் சொன்னாள். தெருப் பெண்கள் துணியோடு காத்திருந்தார்கள். கேரம் போர்டு போடப் போவதாக இவன் சொன்னான். இவனுக்காகக் காத்திருந்தது கூட்டாளி அஸ்பாக் ஒருவன்தான். அவனுக்கு வேலையும் கிடையாது, கேரமும் வராது.

கணக்கிலேயே இதைத் தீர்ப்பதாக ஜானி பாஷா சபதம் செய்தான். ஹாலின் குறுக்கே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினான். நடுவில் பூஜ்யம் எழுதிய அட்டை. வலப்பக்கம் ஒன்று, இரண்டு. இடப்பக்கம் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. அவளுக்குச் சிவப்பு கிளிப், தனக்கு நீலம். நல்லது செய்தால் வலப்பக்கம் ஒரு படி, குறை வைத்தால் இடப்பக்கம் ஒரு படி. அவள் குறையை இவன் சொல்ல வேண்டும், இவன் குறையை அவள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது யார் எண் பெரிதோ, மாடி அவருக்கு.

ரசத்தில் புளி ஜாஸ்தி, தங்கச்சியோடு போனில் பேச்சு என்று அவளை மைனஸ் இரண்டுக்குத் தள்ளினான். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. இவனோ மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கினான், தெருவெல்லாம் தண்ணீர். கேஸ் புக் பண்ண மறந்தான். கடையில் இருக்கிறேன் என்று டீக்கடையிலிருந்து போனில் சொன்னான். இன்னும் ரெண்டு குறை சேர்ந்து, வெள்ளிக்கிழமை நீலக் கிளிப் மைனஸ் ஐந்தில் தொங்கியது.

மேதை அசரவில்லை. அஸ்பாக்கைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு கேட்டான்.

"அஞ்சு பெருசா, ரெண்டு பெருசா? மாடி எனக்குத்தான்."

மெஹ்ருன்னிசா போய்த் தன் சிவப்பு கிளிப்பைத் தொட்டுப் பார்த்தாள். இப்படி ஒரு விதி இருப்பது தனக்குத் தெரியாது, அதன்படி ஆட ஞாயிறு வரை நேரம் கொடுங்கள் என்றாள். பாவம், எப்படியும் தோற்கப்போகிறவள் என்று பெரிய மனசோடு கொடுத்தான்.

அடுத்த வேளை சால்னாவில் உப்பில்லை. வாயை மூடிக்கொண்டு தின்றிருந்தால் பிழைத்திருப்பான். குறை சொல்லியே பழகிய வாய், தானாகத் திறந்தது. அவள் எழுந்துபோய்ச் சிவப்பு கிளிப்பை இடப்பக்கம் நகர்த்தினாள். காலையில் டீயில் சர்க்கரை இல்லை; கத்தினான், கிளிப் நகர்ந்தது. மத்தியானம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேங்கிக்காலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து போனிலேயே கத்தினான். வந்ததும் நகர்த்தினாள். பதிலுக்குத் தானும் குறை வைக்கலாம் என்று வேண்டுமென்றே டீயைத் தரையில் கொட்டினான்.

"பரவால்லைங்க, நான் தொடச்சிக்கறேன்," என்றாள். நீலக் கிளிப் அசையவில்லை.

இப்படியே இன்னும் நாலு குறை சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை சிவப்பு மைனஸ் ஒன்பதில் நின்றது. பசியில் கண் இருண்டுபோன ஜானி பாஷா, அஸ்பாக் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினான். பூஜ்யத்துக்கு இடப்பக்கம் தள்ளிப்போகப் போக மதிப்பு இறங்கும் என்றான்.

"மைனஸ் ஒம்போதை விட மைனஸ் அஞ்சுதான் ஜாஸ்தி. மாடி எனக்கு."

"அப்போ மைனஸ் அஞ்சு, மைனஸ் ரெண்டு, எதுங்க ஜாஸ்தி?" என்றாள் மெஹ்ருன்னிசா.

ஜானி பாஷா கயிற்றின் முடிச்சைச் சரிபண்ணப் போனான். அஸ்பாக் முந்திக்கொண்டான்.

"ரெண்டுதான் பாய்."

"அப்போ வெள்ளிக்கிழமையே நான் ஜெயிச்சிட்டேன். இல்ல, ஒங்க பழைய கணக்குதான் சரின்னா இன்னிக்கு ஜெயிச்சேன். எது வசதியோ அதையே வெச்சுக்குங்க," என்று மெஹ்ருன்னிசா மாடிச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் தையல் மிஷினை மாடிக்குத் தூக்கிப்போனது ஜானி பாஷாதான். சுவரில் இடிக்காமல் வலப்பக்கமாகத் திரும்பச் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள் அவள்.