பட்டன் பேட்டரி எங்கே போச்சு?

"இப்பத்தானே எடுத்தேன். அதுக்குள்ள எங்க போச்சு?"

எலக்ட்ரிக் பைக்குக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, தரையைத் தடவிக்கொண்டிருந்தார் செருப்புக்கடைக்காரர். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'இன்ஜினீயர்' என்று பெயர். அவர் கைவைத்த மிக்ஸி, ஸ்விட்சை அணைத்தால்தான் சுற்றும். அதனால் வந்த பட்டம்.

பைக்கின் ரிமோட் சாவி செத்துப்போயிருந்தது. புதிதாக ஒரு பட்டன் பேட்டரி போட வேண்டும், அவ்வளவுதான். கடையில் கொடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள்.

"இதுக்கெல்லாம் ஒரு கடையா?" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

பழைய பேட்டரியைக் கழற்றினார். புதியதின் உறையைக் கிழித்தார். ரிமோட்டுக்குள் வளைந்திருந்த தகட்டை இரண்டு கையாலும் நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, மைத்துனன் பின்னால் வந்து, "என்ன மாமா, ஆபரேஷனா?" என்று முதுகில் ஒன்று வைத்தான். இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால், பேட்டரியைக் காணோம்.

"உன்னாலதான்டா! எங்கயோ தெறிச்சிடுச்சு."

"வண்டிக்கு அடியில உருண்டிருக்கும், இருங்க" என்று மைத்துனன் பைக்கைச் சாய்த்தான்.

திருடன் கைவைத்துவிட்டான் என்று நினைத்த பைக், ஊரைக் கூட்டி அலற ஆரம்பித்தது.

"நிறுத்துங்களேன்!" என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

"ரிமோட் இருந்தாத்தான் நிறுத்த முடியும்!"

"அப்ப ரிமோட்டை அமுக்குங்க!"

"பேட்டரி இருந்தாத்தான் ரிமோட்!"

இன்ஜினீயர் ஒரு வயரைப் பிடுங்கினார். அலறல் நிற்கவில்லை. கூடவே ஹெட்லைட்டும் எரிந்தது. இன்னொன்றைப் பிடுங்கினார். இண்டிகேட்டர்கள் கண்ணடித்தன. மாடிவீட்டுக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

இந்தக் களேபரத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயது மகள் எழுந்து வந்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வாயில் எதையோ மென்று முடித்த மாதிரி இருந்தது.

மனைவி ஓடி வந்து குழந்தையின் தாடையைப் பிடித்தாள். "வாயைத் திற. பேட்டரியை முழுங்கினியாடி?"

குழந்தை தலையாட்டியது.

"பைக்கை முழுங்கினியா?" என்றான் மைத்துனன்.

அதற்கும் தலையாட்டியது.

"விளையாடற நேரமாடா இது? உள்ள போனா வயிறே புண்ணாயிடுமாம்!" என்று மனைவி அழத் தொடங்கினாள்.

அலறுகிற பைக்குக்கு மைத்துனனைக் காவல் வைத்துவிட்டு, மாடிவீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

எக்ஸ்ரே அறையில் குழந்தை படுக்க மறுத்துத் துள்ளியது. "அப்பா கட்டிப் பிடிச்சுக்கங்க. இந்தக் கவசத்தை மாட்டிக்கங்க" என்றாள் எக்ஸ்ரே எடுக்கும் பெண்.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? புள்ளையைப் பாருங்க!" என்று கவசத்தைத் தள்ளிவிட்டு, மகளை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

திரையில் பளிச்சென்று ஒரு வட்டம் தெரிந்தது.

"அய்யோ, என் தங்கமே!" மனைவி சுவரோடு சரிந்தாள். இன்ஜினீயரின் கண்கள் நிறைந்துவிட்டன. இனி ஸ்க்ரூடிரைவர் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்தார்.

எக்ஸ்ரே பெண் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு, "இன்னொண்ணு எடுத்துடலாம். இந்தத் தடவை அம்மா பிடிச்சுக்கட்டும்" என்றாள்.

எடுத்தார்கள். வட்டம் இல்லை.

"எங்க போச்சு? அதுக்குள்ள கரைஞ்சிடுச்சா?" என்று மனைவி பதறினாள்.

அந்தப் பெண் இன்ஜினீயரின் சட்டைப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், வேலை பாக்கறப்ப கையில இருக்கறதைப் பல்லுல கவ்விக்கற பழக்கம் ஏதாவது உண்டா?"